மிரியாமுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்ட நானே அந்தப் புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் மூடிவைத்துவிட்டேன். நாஜி முகாமிலிருந்து உயிரோடு மீண்ட லேயா என்ற யூதப் பெண் எழுதிய சொந்தக் கதை அது. ரயிலிலிருந்து இறக்கியதுமே அவள் அம்மாவைத் தனியாக இழுத்துப்போய்க் கொன்றுவிட்டார்கள். பிறகொரு நாள், காய்ச்சலில் கிடந்த தங்கை மிரியாமையும் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அவளும் போய்விட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் பூ வைத்துவிட்டு, நடுவிலிருக்கும் பெரிய சிலுவைக்குப் போனேன். கல்லறை இல்லாதவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவோம். மிரியாம் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றி, தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் நின்ற சாந்தாமேரி அக்கா, "சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்கடுத்த நாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன். போர் முடிந்துவிட்டது. ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரி. மொட்டைத் தலையோடு ஒரு பெண் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். லேயாவைப் பார்த்ததும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கோபித்துக்கொள்கிறாள்.

"இருக்கறா, உசுரோட இருக்கறா" என்று கத்திவிட்டேன். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"யாருங்க, எறங்கோணுமுங்களா?" என்றார் கண்டக்டர்.

எங்கள் எஸ்டேட் ஸ்டாப் எப்போதோ போயிருந்தது. இறங்கித் திரும்ப ஓடினேன். கலாவதி அக்கா இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். தினமும் மதியச் சோற்றின்போது நான் சொல்லும் கதைக்காகவே காத்திருப்பவர்.

"அக்கா, மிரியாம் சாவலீங்க்கா."

கையிலிருந்த பழமெல்லாம் கொட்டிவிட்டது. "நெசமாவா ரூபி?"

"நாந்தான் அவசரப்பட்டு, செத்தவங்களுக்கு ஏத்தற மெழுகுவத்திய அவளுக்கு ஏத்திப்போட்டேன்."

"அட, உசுரோட இருக்கறவங்களச் செத்துட்டாங்கன்னு சொன்னா ஆயுசு கூடும் கண்ணு. புள்ளைக்கு இனி நூறு வயசு."

கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சட்டென்று அக்கா நிறுத்தினார்.

"அவுங்கம்மாளுக்கு ஏத்துனியா?"

இல்லை. மகளுக்காக அழுத அழுகையில் தாயை மறந்தே போயிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"பேரென்ன?"

"ராகேல்."

"சாயங்காலம் எங்கூட்டுக்கு வா. பெத்தவகிட்டச் சேதி சொல்லோணுமல்ல."

பொழுது சாய, அவர் வீட்டு வாசலில் அகல் விளக்கு ஏற்றினோம். குனிந்து, மெதுவாகச் சொன்னேன்: "ராகேலம்மா, உங்க சின்னவ பொழச்சுக்கிட்டா."

அக்கா என் முதுகில் தட்டினார்.

"சத்தமாச் சொல்லு கண்ணு. நொம்ப தூரம் போகோணும்."