மாப்பிள்ளை விழுந்த தூரம்

எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிற வெளியூர்க்காரனை நாங்கள் மேட்டிலிருந்து தூக்கி எறிவோம். ஜனவரி நடுவில், நோய் தீர்க்கும் புத்தர் கோயிலுக்கு முன்னால், ஊரே கூடி நின்று பார்க்க, நாலு ஆண்கள் அவன் கையையும் காலையும் பிடித்து ஆட்டி, கீழே குவிந்து கிடக்கிற பனிக்குள் வீசுவார்கள். மற்ற ஊர்களில் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறார்களாம். வைக்கட்டும். விருந்து யார் வேண்டுமானாலும் வைக்கலாம்.

பனி பார்க்க பஸ்ஸில் வருகிறவர்கள் இது ஏன் என்று கேட்பார்கள். கேட்க என்ன இருக்கிறது? நம்ம ஊர்ப் பெண்ணை எங்கிருந்தோ வந்தவன் கொண்டுபோகிறானே என்று அந்தக் காலத்துப் பையன்களுக்கு வயிற்றெரிச்சல். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு நாள் வைத்தார்கள். எறிந்து முடித்தால் அவனும் எங்கள் ஆள்தான். அதற்கப்புறம் அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

என் பெயர் மிசாவோ. வெந்நீர் ஊற்று விடுதியில் சமையல் என் பொறுப்பு. முப்பது வருஷமாக அந்த மேட்டின் அடியில், பன்றிக்கறி சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்று, மற்றவர்களுடைய மாப்பிள்ளைகள் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். என் தங்கை புருஷன் பறந்தார். விடுதி முதலாளியின் மருமகன், வங்கி அதிகாரி, கோட்டு சூட்டோடு பறந்தார். என் முதல் கணவர் பறக்கவில்லை. அவர் எதிர்வீட்டுக்காரர், உள்ளூர் மாப்பிள்ளையை எறிகிற வழக்கம் இல்லை. எறிகிற கூட்டத்தில்தான் அவர் இருந்தார், நன்றாகவும் எறிவார். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

தெத்சுரோ கடற்கரையிலிருந்து வேனில் மீன் கொண்டுவந்து எங்கள் மலை ஊர்களில் விற்கிறவர். ஆறு வருஷம் நான் அவருடைய கானாங்கெளுத்தியைக் குறை சொன்னேன். ஆறு வருஷமும் அவர் பதில் பேசாமல் அடுத்த வாரம் அதைவிட நல்லதாகக் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட மனுஷனை விட்டுவிட எனக்கென்ன பைத்தியமா? எனக்கு ஐம்பத்தைந்து, அவருக்கு ஐம்பத்தெட்டு. இலையுதிர்காலத்தில் பதிவு செய்துகொண்டோம். பனிக்காலம் முடிந்ததும் நான் கடற்கரைக்கே போய்விடுவதாகப் பேச்சு.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்னையும் எறிவார்களா என்பதுதான். எறியாமல் என்ன என்றேன். மனுஷன் அதை மீன் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். டிசம்பரில் ஒரு நாள், சாலையோரம் பனி உயர்ந்து கிடந்த இடத்தில், வேனின் கூரைமேல் ஏறி நின்று பனிக்குள் குதித்துப் பழகிக்கொண்டிருந்தார். நான் வளைவில் நின்று பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இவாவோ வந்தான். தச்சன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், எறிகிற கூட்டத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். சமையலறை வாசலில் உட்கார்ந்து என் முள்ளங்கி ஊறுகாயைப் பாதித் தட்டு காலி பண்ணிவிட்டு, தொண்டையைச் செருமினான்.

"இந்த வருஷம் ரெண்டு மாப்பிள்ளை. டோக்கியோ பையனை எறியறோம். உன் வீட்டுக்காரருக்கு வயசாச்சு மிசாவோ. இடுப்பு கிடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது? சறுக்குவண்டியில உக்கார வெச்சு மெதுவா இறக்கிடுறோம். மெத்தைகூடத் தெச்சாச்சு."

மெத்தை என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பு என்றான். நான் சந்தோஷப்பட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, குஞ்சம் வைத்ததையும் சேர்த்துச் சொன்னான். அதெல்லாம் வேண்டாம், எறியுங்கள் என்றேன். ஊரே கூடி எடுத்த முடிவு என்றான். ஊறுகாய்த் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

தெத்சுரோவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர்களுக்கும் வேலை மிச்சம்தானே என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார். மீன்காரர் தட்டில் மீனை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

திருவிழாவன்று காலையில் பனி விட்டு வெயில் அடித்தது. கோயில் திடலில் வைக்கோல் கோபுரம் நின்றது. புத்தாண்டு அலங்காரங்களையெல்லாம் அதில் செருகியிருந்தார்கள். கடைசியில் அதைக் கொளுத்தி, கரியைப் பனியில் குழைத்து ஒருவர் முகத்தில் ஒருவர் பூசுவோம். டோக்கியோ பையனை முதலில் எறிந்தார்கள். அழகாகப் பறந்து, அழகாக விழுந்தான். அவன் பெண்டாட்டி ஓடிப்போய் இழுத்தெடுத்தாள். ஊர் சிரித்து ஓய்ந்தது.

பிறகு சறுக்குவண்டி வந்தது. சிவப்பு மெத்தையில் தெத்சுரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எல்லாத் திசையிலும் தலை குனிந்து வணங்கினார். கூட்டம் கைதட்டியது. சன்னமாக, மரியாதையாக, வயசானவர்களுக்குத் தட்டுகிற மாதிரி. என்னால் அந்தக் கைதட்டலைத் தாங்க முடியவில்லை. அகப்பையைத் தங்கை கையில் திணித்துவிட்டு மேட்டில் ஏறினேன்.

கல்யாணப் பெண் கீழேதான் காத்திருக்க வேண்டும். மேலே ஏறியவள் எவளும் இல்லை. இவாவோ அதைத்தான் சொன்னான், கீழே போகச் சொன்னான்.

"மாப்பிள்ளையை மெத்தையில இறக்குறது மட்டும் வழக்கமா?" என்றேன். "அந்தப் பொண்ணு போறாளேன்னு உங்களுக்கு வயிறு எரிஞ்சுது, அவ புருஷனை எறிஞ்சீங்க. நான் போறது உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா? முப்பது வருஷமா என் சூப்பைக் குடிச்சவங்கதானே எல்லாரும்? பனி உருகினா நான் போயிடுவேன். யாருக்காவது எரியுதுன்னா இவரை எறிங்க. எரியலைன்னா சொல்லிடுங்க, இந்த வண்டியை நானே தள்ளி விட்டுடுறேன்."

கேமராக்காரர்கள் கேமராவை இறக்கினார்கள். இவாவோ என்னைப் பார்த்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்த முகம் அது. அன்றைக்கு இருந்த மாதிரி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. பிறகு அவன் என்னை விட்டுவிட்டு வண்டியில் இருந்தவரிடம் திரும்பினான்.

"மாப்பிள்ளை, முதுகு எப்படி?"

தெத்சுரோ எழுந்து நின்றார். "நாப்பது வருஷமா ஐஸ் பெட்டி தூக்குற முதுகு," என்றார்.

இவாவோ சறுக்குவண்டியை ஓர் உதை விட்டான். அது சிவப்பு மெத்தையோடு தனியாகக் கீழே இறங்கிப் போய் சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றது. இளவட்டங்கள் அவரைத் தூக்க முன்வந்தார்கள். அவன் அவர்களை ஒதுக்கிவிட்டு, எங்கள் வகுப்பில் படித்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தபால்காரன் வந்தான், மருந்துக் கடைக்காரன் வந்தான், இவாவோவின் தம்பி மாதிரியே எப்போதும் கூடத் திரிகிற பால் பண்ணைக்காரனும் வந்தான். இவாவோவையும் சேர்த்து, வழுக்கையும் தொப்பையுமாக நாலு பேர். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒருதரம் ஆட்டினார்கள், இன்னொருதரம் ஆட்டினார்கள், மூன்றாம் தரம் நாலு தொண்டையிலிருந்தும் ஒரு கத்தல் வந்தது. அவ்வளவு பெரிய கத்தலை அந்த மேட்டில் நான் கேட்டதே இல்லை.

தெத்சுரோ பறந்தார். மாப்பிள்ளைகள் விழுவதற்கென்று மிதித்து வைத்திருந்த இடத்தைத் தாண்டினார். டோக்கியோ பையன் விழுந்த பள்ளத்தைத் தாண்டினார். யாரும் கால் வைக்காத பனியில் தலைகுப்புற விழுந்தார். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

நான் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்து, மார்பளவு பனியில் துழாவிப் போய், காலைப் பிடித்து இழுத்தேன். வாய் நிறையப் பனி, மூக்குக் கண்ணாடியைக் காணோம். துப்பிவிட்டு, கண்ணைச் சுருக்கி மேட்டைப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"உங்க ஊருக்கு என்ன ஒரு கோபம், மிசாவோ," என்றார். "நீ போறதுல இவ்வளவா?"

"இவ்வளவுதான்னு நினைக்காதீங்க. அவங்களுக்கும் வயசாயிடுச்சு," என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். வெட்கப்படவில்லை.

கோபுரம் எரிந்து முடிந்ததும் இவாவோ கை நிறையக் கரியோடு வந்து, நெற்றியிலிருந்து தாடைவரை எனக்கு அழுத்திப் பூசினான். வாழ்த்துகள் என்றான், பூசும்போது எல்லோரும் சொல்வது அதுதான். வாரா வாரம் மீன் வண்டியில் ஏறி வந்துவிடு என்று சேர்த்துக்கொண்டான். நானும் அவன் வழுக்கையில் பூசிவிட்டேன்.

கண்ணாடி அன்றைக்குக் கிடைக்கவே இல்லை. மே மாதம் பனி உருகிய பிறகு இவாவோ கடற்கரைக்குப் போன் செய்தான். வயல் ஓரத்துச் சீமைப் பனிச்சை மரத்தடியில் கண்ணாடி கிடந்ததாம், ஒரு கீறல்கூட இல்லையாம். அது கிடந்த இடத்தில் பனியை அளக்கிற சிவப்புக் கம்பு ஒன்றை அடித்து வைத்திருக்கிறானாம்.

வருஷா வருஷம் ஜனவரியில் நானும் தெத்சுரோவும் போகிறோம். ஆறடி ஆட்கள், இருபத்தைந்து வயதுப் பையன்கள், எங்கெங்கிருந்தோ வந்து பறக்கிறார்கள். நான் அகப்பையோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவன் விழும்போதும் அந்தக் கம்பைப் பார்ப்பேன். இதுவரை ஒரு மாப்பிள்ளையும் அதைத் தாண்டவில்லை.