வலது கண்ணின் அலை

பன்னீர்செல்வம் வங்காளத்தில் புறநகர் மின்சார ரயில் ஓட்டுபவர். 1982 பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், "வலது கண்ணுல சிக்னல் சிவப்பு வெளுத்துத் தெரியுது, வண்டி எடுக்கமாட்டேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கண் டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தார். கண்ணில் கோளாறே இல்லை என்றார் டாக்டர். கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள்.

மனைவி சுலோசனாவும் நம்பவில்லை. "வேலைக்குப் போக உடம்பு வணங்கலைன்னு நேரா சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அதன்பின் அவர் அவளிடம் அதிகம் பேசுவதில்லை.

கண் பார்ப்பது மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று அளக்கும் மெஷின் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதாக, பெஹாலாவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு பௌதி, அந்த வங்காளி அண்ணி, சொன்னாள். அவரை இழுத்துக்கொண்டு போனதே சுலோசனாதான். பொய் வெளிப்பட்டால் மனுஷன் வேலைக்குப் போவாரே.

இருட்டறையில் ஒரு பெண் அவர் பின்தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். எதிரே டிவிப் பெட்டியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறி மாறித் துடித்தன. முதலில் வலது கண்ணை மூடி ஒருமுறை, பிறகு இடது கண்ணை மூடி ஒருமுறை. அசையாமல் பார்த்தார்.

டாக்டர் சென் காகிதத்தில் இரண்டு அலைகளைக் காட்டி வங்காள மொழியில் விளக்கினார். "இடது கண் காட்டுறது சரியான நேரத்துக்கு மூளைக்குப் போயிடுது. வலது கண்ணோடது ரொம்பத் தாமதம். நரம்பு கெட்டிருக்கு. இவர் சொன்னது நிஜம்."

"கேட்டியா? நிஜமாம்!" பன்னீர்செல்வத்தின் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். தலையில் ஒட்டியிருந்த பசையைக் கழுவப் போனார்.

"இதோட நின்னுடுமா டாக்டர்பாபு?" என்று சுலோசனா கேட்டாள்.

டாக்டர் அவர் போன பக்கம் ஒருமுறை பார்த்தார். "சொல்ல முடியாது. இன்னொரு கண்ணுக்கும் வரலாம். கை காலுக்கும் வரலாம். வராமலும் போகலாம்."

மனுஷன் பொய்யே சொல்லியிருக்கக் கூடாதா!

பஸ்ஸில் அவர் காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். நாளைக்கே ஆபீஸில் காட்டப்போவதாகச் சொன்னார்.

"நான் உங்களை நம்பலைங்க" என்றாள்.

"அதான் இப்ப நம்பிட்டியே, விடு."

டாக்டர் கடைசியாகச் சொன்னதை அவள் சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.