முத்துப்பேச்சியின் கிணறு

பண்ணையார் பங்களாவைப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மறுவாரமே அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனாள். 1993, தைச் செவ்வாய். பையில் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன்.

அம்மாவின் அக்கா முத்துப்பேச்சி அங்கே வீட்டுவேலைக்கு இருந்தவள். பதினாலு வயதில் கிணற்றில் முங்கிச் செத்தாள் என்று அம்மாவின் ஊரான மகாராஜபுரத்துக்கு ஆள் வந்து சொன்னது. கல்யாணமாகாமல் செத்தவள் வீட்டுக்குக் கன்னிதெய்வம். உயிர் போன இடத்தில் துணிமணி வைத்துக் கும்பிட்டால்தான் ஏற்பாள். உள்ளே விடமாட்டார்கள். இருபத்தொன்பது வருடமாகக் கிணற்றை ஒட்டிய மதிலுக்கு வெளியே, தெருவில் வைத்துக் கும்பிட்டோம்.

இன்று யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிணற்றின் மேல் கம்பிவலை போட்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் உயரம்தான் ஆழம். அடியில் ஒரே பாறை, மிட்டாய்த் தாள்கள்.

காவலாளி உக்கிரபாண்டி வந்தார். "இங்கன சூடம் பொருத்தக் கூடாது தாயி."

"பொருத்தல அண்ணாச்சி. கெணத்தத் தூர்த்துட்டாகளா?"

"தூர்க்க என்ன இருக்கு? வெட்டும்போதே பாறை தட்டி, அப்படியே விட்டுட்டாக. எங்கய்யாதான் இந்த வீட்டுக்கு வண்டியில தண்ணி கொண்டாந்தாரு. இதுல ஒரு காக்கா குளிச்சதில்ல."

"மழைக்காலத்துல?" என்று கேட்டேன்.

"கணுக்கால் நனையும்."

அவர் போன பிறகும் அம்மா கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கிட்டு வந்தன்னைக்கு அக்கா முடி காஞ்சு கெடந்துச்சுட்டி. நான்தான் சடையத் தொட்டுப் பாத்தேன். எங்கய்யாகிட்டச் சொன்னேன். வாயில அடிச்சாரு. பங்களாக்காரவுக வயலத்தான் அவரு உழுதாரு."

அம்மா பங்களாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்கன வச்சுச் செத்தா?"

பையை இடுக்கிக்கொண்டு அம்மா பங்களாவை நோக்கி நடந்தாள். கதவுகள் பூட்டியிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு முதல் சன்னலின் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெறும் தரை. சுவரில் அலமாரி இருந்த தடம்.

"இங்கன வச்சா இருக்கும்?"

"தெரியலம்மா."

அடுத்த சன்னல். அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் அதையே கேட்டாள். கீழே ஏழு அறைகள். சமையற்கட்டுச் சன்னலில் அதிக நேரம் நின்றாள். பிறகு தலையை அசைத்துவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

உக்கிரபாண்டி மறுபடி எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"மேல எம்புட்டு ரூம்பு அண்ணாச்சி?"

"அஞ்சு. யாரும் போகக் கூடாது தாயி."

"சாவி?"

"முனிசிபாலிட்டி ஆபீசுல இருக்கு."

"அது எங்கன இருக்கு?" என்றாள் அம்மா.