ஐயாயிரத்து நானூறு சுற்று

என் இதயத்தில் ஒரு பம்பு பொருத்தியிருக்கிறது. சென்னையில் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு வருடம். வயிற்றால் வெளியே வரும் வயர் இடுப்பில் கட்டிய, பம்பை ஓட்டும் சிறு பெட்டியில் சேர்கிறது. பெட்டியில் மூன்று இலக்கங்கள் தெரியும்: நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை வாட், எத்தனை லீற்றர் இரத்தம். சுற்று எப்போதும் 5,400. அதை வைத்தியர் மட்டுமே மாற்றலாம் என்று எனக்கும் மனைவி நேசமலருக்கும் மூன்று தரம் சொல்லி அனுப்பினார்கள்.

காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று நேரமும் இலக்கங்களைக் கொப்பியில் எழுதுவேன். அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் எழுதுவேன்: 'கோழிக்குத் தீன் போட்டேன்', 'இரணைமடு வாய்க்கால் வரை நடந்தேன்'. ஞாயிறுதோறும் அதைப் படமெடுத்து நேசமலரின் தம்பி சுதாகரனுக்கு அனுப்புவேன். மெல்பேர்ணில் இப்படியான பம்புகள் செய்யும் ஒரு கம்பனியில் அவன் எஞ்சினியர். எனக்குச் சத்திரசிகிச்சைக்கு வழி பிடித்துத் தந்தவனும் அவன்தான்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தபோது புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். பழையதில் அலாரம் பிழையாம். மாற்றும்போது பம்பு சில செக்கன் நிற்கும். நான் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். நேசமலர் என் கையைப் பிடித்திருந்தாள். முடிந்ததும் ஆங்கிலத்தில் நாலு பக்கக் கடதாசியை நீட்டினான்.

"சாமான் கிடைச்சதெண்டு ஒரு கையெழுத்து, அத்தான்."

கரண்ட் பில்லையே இரண்டு தரம் வாசிப்பவன் நான். ஆனால் மச்சானுக்கு முன்னால் கண்ணாடியைத் தேடினால் அவனை நம்பவில்லை என்றாகிவிடும். நேசமலர் கிளாக்கராக இருந்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். பிழை என்றால் சொல்வாள்தானே. வைத்தேன். கீழே அவளும் வைத்தாள்.

ஆனி மாத வெயிலில் ஒரு மதியம் சுற்று 5,320 என்று காட்டியது. மறுநாள் 5,280. மாலையில் மறுபடி 5,400. எழுதி அனுப்பினேன்.

"அது மீற்றர் ஆட்டம், அத்தான். யோசியாதேங்கோ."

நான் இருபத்திரண்டு வருடம் குடிதண்ணீர் நிலையத்தில் மோட்டர் ஓட்டியவன். தண்ணீர் வற்றுவதை அறியக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மோட்டர் இழுக்கும் கரண்ட் விழும். நாங்கள் ஓடிப்போய் நிறுத்துவோம். என் பம்பும் அதே சாதிதான். இரத்தத்துக்குள் அளக்கும் கருவி ஒன்றும் இல்லை. மோட்டர் இழுக்கும் கரண்டை வைத்தே லீற்றர் கணக்குப் பார்க்கிறது.

வெயிலில் நின்றுவிட்டு வந்து பெட்டியை மடியில் வைத்துப் பார்த்தேன். வாட் விழுந்தது. பத்துச் செக்கனில் சுற்றும் இறங்கியது. இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன். அரை மணித்தியாலத்தில் வாட் ஏறியது, பின்னால் சுற்றும் ஏறியது. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அதே ஒழுங்கு. ஆட்டத்துக்கு இப்படி ஒழுங்கு வராது. என் இதயம் எவ்வளவு ஓடவேண்டும் என்று பெட்டி தானே முடிவெடுத்துக்கொண்டிருந்தது.

சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துப் பெட்டியின் பின்பக்க இலக்கத்தை வாசித்தேன்.

"இந்த நம்பர் எங்க லிஸ்ட்லயே இல்லையே சார். யாரு மாத்தினாங்க?" என்று கேட்டாள் தாதி.

போனை வைத்துவிட்டு சுதாகரனுக்கு எடுத்தேன். போனைச் சத்தமாக்கி மேசையில் வைத்தேன்.

"இந்தப் பெட்டி இன்னும் எத்தினை பேரிட்ட இருக்கு?"

"செம்மறியாட்டில பாத்தது, அத்தான். நல்லா வேலை செய்தது. ஆளெண்டால்... நீங்கள்தான் முதல்."

"ஆட்டுக்குப் பிறகு அத்தானோ?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. மோட்டரின்ர கரண்டைப் பாத்து அதுவே கூட்டிக் குறைக்கும். உங்களுக்கு வயித்தோட்டம் வந்து உடம்பில தண்ணி வத்தின கிழமை அதுதான் காப்பாத்தினது. பழசெண்டால் இதயச் சுவரையே உறிஞ்சிப் பிடிச்சிருக்கும்."

"இருக்கலாம். கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன்."

"முறையாக் கேக்கிறதெண்டால் அங்கத்தை ஆஸ்பத்திரி, அனுமதி எண்டு ரெண்டு மூண்டு வருசம் இழுபடும். இஞ்சையெண்டால்..."

"இஞ்சையெண்டால் ஆர் கேக்கிறது. அதுதானே?"

"நீங்கள் கையெழுத்து வச்சனீங்கள்தானே, அத்தான்."

அத்தான் என்ற சொல் அவன் வாயில் மாறவே இல்லை. அதே மரியாதை, அதே இழுவை.

"எனக்குப் பழைய பெட்டி வேணும்," என்றேன்.

குசினி வாசலில் இருந்து நேசமலர்தான் சொன்னாள்.

"அதை அவன் கொண்டுபோட்டான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அவன்ர சூட்கேசில வச்சு விட்டனான்."

போனை நிறுத்தினேன். அவள் வந்து எதிரே நின்றாள்.

"நீங்கள் பயந்துபோவீங்கள் எண்டுதான் சொல்லேல்லை. எங்களை வாழவச்சவன் கேக்கேக்க எப்பிடி மாட்டனெண்டிறது?"

"அந்தக் கடதாசியில என்ன இருந்தது?"

"இப்ப ஏன் அதை?"

"நேசம், நீ வாசிச்சனீதானே."

தலையாட்டினாள். "பரிசோதனை எண்டு இருந்தது. ஏதும் நடந்தால் வழக்குப் போடேலாதெண்டு இருந்தது."

"பிறகு?"

"கடைசிப் பக்கத்தில..." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "இதையெல்லாம் நோயாளிக்கு அவற்ற பாசையில விளங்கப்படுத்தினது நான் எண்டு இருந்தது. அதுக்குக் கீழதான் கையெழுத்து வச்சனான்."

முப்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்திருக்கிறோம். இடம்பெயர்ந்த வீடுகளைச் சேர்த்தால் ஒன்பது வீடு.

இன்னொரு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டேன்.

"இரு," என்றேன். "இப்ப விளங்கப்படுத்து. முதலாம் பக்கத்தில இருந்து."