முழங்கை சொன்ன உயரம்

அந்த வருடம் பிரிக்பீல்ட்ஸில் வெங்காய விலை ஏறியது, மீன் விலை அதைவிட ஏறியது, ஜோனத்தன் ஏழு சென்டிமீட்டர் குறைந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து, வாரநாள்களில் அங்கேயே தங்கத் தொடங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போதெல்லாம் முன்பைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தான். அவனுடைய சிலுவார்களின் கால்நீளத்தை மடித்துத் தைத்துக்கொடுத்த தையற்காரர் தம்புசாமி இதை முதலில் கவனித்தார். பிறகு சர்ச் சபையில் எல்லோருக்கும் தெரிந்தது.

அவன் மனைவி எவலினுக்கு உயரம்தான் தொழில். கிள்ளானில் ஒரு தடயவியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். முழு உடல் கிடைக்காதபோது, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை எலும்பை அளந்து, இறந்தவர் எவ்வளவு உயரம் இருந்திருப்பார் என்று கணக்கிடுவாள். அங்கிருந்த அட்டவணை வேறு நாட்டு மனிதர்களை அளந்து செய்தது. இங்குள்ள தமிழர்களுக்கு அது பொருந்தவில்லை. அதனால் தானே ஒரு சூத்திரம் செய்தாள். யாரிடமும் உரக்கப் பேசாத அவள், ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும் நேரத்தில் அளவுகோலோடு மண்டப மூலையில் நின்றாள். சபையார் கறிபாப் பலகாரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்கள். முதலில் நீட்டியவன், அப்போது இன்னும் குறையத் தொடங்காத ஜோனத்தன். முழங்கை இருபத்தெட்டு, உயரம் நூற்று எழுபத்தைந்து. சூத்திரம் அவனிடமிருந்துதான் தொடங்கியது.

மின்விளக்கு மாற்ற அவன் முக்காலி கேட்ட அன்று எவலின் அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள்.

"சாயங்காலம் எல்லாரும் கொஞ்சம் கொறைவாங்கன்னு நீதானே சொன்ன? வேலை டயர்ட் லா, எவி."

அவள்தான் சொல்லியிருந்தாள். ஆனால் காலையில் மற்றவர்களுக்குத் திரும்பி வரும் உயரம் அவனுக்கு வரவில்லை. முழங்கையை அளந்தாள். அதே இருபத்தெட்டு. எலும்பு நூற்று எழுபத்தைந்து என்றது, சுவர் நூற்று அறுபத்தெட்டு என்றது. அவள் கணவனைச் சந்தேகிக்கவில்லை, கணக்கைச் சந்தேகித்தாள். சபையார் நீட்டிய கைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழைய அட்டவணைக்கே திரும்பினாள்.

ஒருநாள் தைத்த துணியை வாங்க அவளே போனாள். தம்புசாமி ஒரு பையைக் கொடுத்து, இன்னொன்றைப் பின்னால் தள்ளி வைத்தார்.

"அது யாரோடது, அங்கிள்?"

"ஜோனத்தனோடதுதான்மா. இது ஒங்க வீட்டுக்கு மடிச்சது. அது அங்க போட்டுக்க, எறக்கினது."

"அங்கன்னா?"

அவர் கத்திரிக்கோலைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. சர்ச்சுல எல்லாருக்கும் தெரியுமே."

மறுநாள் எவலின் தெலுக் பங்லிமா காராங்குக்குக் கார் ஓட்டிப் போனாள். ஒரு வரிசை வீட்டின் முன்தாழ்வாரத்தில் ஜோனத்தன் முக்காலி இல்லாமல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கீழே ஒரு பெண் பழைய விளக்கைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, தலை இடிக்கும்" என்று சிரித்தாள். எவலின் இறங்கவில்லை. வாசல் கேட்டின் உயரத்தோடு ஒப்பிட்டு அவனைக் கண்ணால் அளந்தாள். நூற்று எழுபத்தைந்து. சூத்திரம் சரி என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை திரும்பும் வழியில் ஷா ஆலம் சிக்னலில் வந்தது.

திங்கட்கிழமை சூத்திரத்தை மறுபடி எடுத்தாள். வீட்டுப் பூட்டை மாற்றினாள். வாசல் மணியைக் கழற்றி, நூற்று எழுபத்தைந்து உயரமுள்ளவன் எம்பிக் கையைத் தூக்கினால் மட்டும் எட்டும் இடத்தில், மேலே மாட்டினாள். முக்காலியைச் சபைக்குக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் வந்து எம்பிப் பார்த்தான்.

"எவி, எட்டலயே!"

"கை அதேதான், ஜோன்," என்றாள் ஜன்னலிலிருந்து. "அங்க இருக்கிற உயரத்தையும் எடுத்துக்கிட்டு வா."

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தான். வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்தான். சபையார் அவனைத் தாண்டிப் போகும்போது குனிந்து நலம் விசாரித்தார்கள். வருடக் கடைசியில் வெங்காய விலை இறங்கியது, மீன் விலை இறங்கவில்லை, மணி ஒருமுறையும் அடிக்கவில்லை.