கேட்டுப் பழகாத சத்தம்

பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பிக்கப் வண்டியின் அடியிலிருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சேர்ந்து ஒரு பெண்ணின் “அய்யோ!” வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த சோபாக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

வண்டியிலிருந்து சத்தம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. இருபத்தாறு வருஷத்து வண்டி அது. சத்தம் வராமல் இருந்தால்தான் அவர் இறங்கிப் பார்ப்பார். கதவு கடகடக்கும், பின்பக்கப் பலகை ‘சளக் சளக்’ என்னும், மேட்டில் ஒரு இருமல் வரும், மூன்றாவது கியரில் ஒரு முனகல். அந்த முனகல் உச்சத்துக்குப் போனால் வேகம் நாற்பது என்று கணக்கு. வேகம் காட்டுகிற முள் செத்துப் பல காலமாகிவிட்டது. முள் யாருக்கு வேண்டும், காது இருக்கும்போது? வீட்டுக்கு வீடு போய்ப் பழைய சோபாவை ஏற்றிக்கொண்டு வந்து, பிரித்து, புதுத் துணி போட்டு, திரும்பக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு. காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்பது இந்த வண்டியின் புலம்பலைத்தான். அதில் இந்த ‘டொம்’ மட்டும் அவர் கேட்டதே இல்லை.

நின்றிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்தவன் பிரேக்கைத்தான் மிதிப்பான். அவர் கால் போய் ஆக்சிலேட்டரை மிதித்தது. ஏன் மிதித்தது என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது, அவர் காலுக்கும் தெரியாது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளையாக ஒரு புகைமூட்டம், அதற்குள் ஏதோ ஓடுகிற மாதிரி ஒரு நிழல். அவ்வளவுதான் தெரிந்தது.

கொஞ்ச நாளாகவே அவருக்கு அவ்வளவுதான் தெரிந்துகொண்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் முடிகிறவரை வண்டியைத் தொடக்கூடாது என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். சீட்டை நாலாக மடித்து, தலைக்கு மேலே வெயிலை மறைக்கும் அட்டையில் செருகி வைத்தார் இவர். கண்ணில் கத்தி வைப்பதை நினைத்தாலே அவருக்கு வாய் உலர்ந்துபோகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சீட்டு வெளியே தெரிந்தால் வெளியூரில் இருக்கும் மகள் சும்மா இருப்பாளா? அவள் ஏற்கெனவே போன் பண்ணும்போதெல்லாம், “அப்பா, அந்தத் தகர டப்பாவை வித்துத் தொலைங்க” என்று பாட்டுப் பாடுகிறவள்.

தகர டப்பாவாம். உள்ளே ஏறிப் பார்த்தால் தெரியும். மேற்கூரையின் உட்புறத்தில் ஒரு டாக்டர் வீட்டுத் திரைத்துணியின் மிச்சம். கியர்க் கம்பியின் குமிழுக்குக் கல்யாண ஜோடி ஒன்றின் சோபாவிலிருந்து வெல்வெட் தொப்பி. கதவுக்குப் பித்தளை ஆணி அடித்த ரெக்சின். ஸ்டெப்னி சக்கரத்தை வண்டிக்கு அடியில் தாங்கியிருந்த சங்கிலி துருப்பிடித்து அறுந்தபோதுகூட அவர் கடைவாசலை மிதிக்கவில்லை. சோபாவின் அடியில் கட்டும் பெல்ட்டை நாலு மடிப்பாகப் போட்டு, மனைவியிடம் தையல் வாங்கி, அதில் தொங்கவிட்டார். “மூணு யானை உக்காந்தாலும் அசையாது” என்று பெருமை வேறு. எது கெட்டாலும் தன் கையிலும் தன் கொட்டகையிலும் இருப்பதை வைத்தே சரிசெய்துவிடலாம் என்ற கர்வத்துக்கு ஈடாக எந்தப் புது வண்டியைத் தர முடியும்?

இப்போது அந்தக் கர்வம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை அவருக்குத் தன் மூச்சைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது கியரிலேயே வந்திருக்கிறார், நாலாவதுக்கு மாற்றவே இல்லை.

கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி, முன்பக்க பம்பரைத் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்த்து இனி பிரயோஜனமில்லை, விரல்தான். ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. இது பழைய பள்ளமா, புதுசா? இருபத்தாறு வருஷம் துடைத்த பம்பரில் எது எந்தப் பள்ளம் என்று இந்த நேரத்தில் பார்த்தா மறந்துபோக வேண்டும்? விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நம்பர் பலகையின் ஓரத்தில் ஏதோ சிக்கியிருந்தது. மெல்லிசாக, சுருள்சுருளாக, கற்றையாக.

முடி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடி அந்தக் கற்றையை உருவி மூக்கு நுனிவரை கொண்டுவந்து பார்த்தார். தேங்காய் நார். காலையில் பிரித்த சோபாவின் வயிற்றிலிருந்து வந்த நார். அவர் வாழ்நாள் முழுக்கக் கையால் அளைந்த நார். அதையே முடி என்று நினைக்கும் அளவுக்குப் பயம் ஆளைத் தின்றிருந்தது. நார் என்று தெரிந்த பிறகும் அந்த “அய்யோ” காதை விட்டுப் போகவில்லை.

தையல் இயந்திரம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, வண்டி ஏன் அப்படி அலறிக்கிட்டு வந்துச்சு? மூணுலயே வந்தீங்களா?” என்றவள் அவர் தரையில் கிடக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “என்னங்க? நெஞ்சு வலிக்குதா?”

“யாரையோ இடிச்சிட்டேன்.”

“யாரை?”

“தெரியல.”

“தெரியலன்னா? பெரியவங்களா, சின்னவங்களா?”

“தெரியலடி. சத்தம் கேட்டுச்சு. யாரோ கத்தினாங்க. ஸ்கூல் முன்னாடி.”

ஸ்கூல் என்றதும் அவள் கொட்டகைக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு அரை மணிகூட ஆகவில்லை. அவள் முகம் எப்படி மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. குரல் மாறியது மட்டும் தெரிந்தது.

“நீங்க எறங்கிப் பாக்கல?”

அவர் கையிலிருந்த நாரைத் திரித்துக்கொண்டிருந்தார்.

“சாவியக் குடுங்க.”

“வேணாம். கூட்டம் சேந்திருக்கும். அடிப்பாங்க. போலீஸ் வந்து...”

“அடிச்சா வாங்கிக்குவோம். அங்க ஒரு உசுரு ரோட்டுல கெடந்தா தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேணாமா? அதுக்குக்கூட உதவலன்னா எதுக்குங்க இந்த வண்டி?”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, ஐந்து மாதம் இந்த வண்டியை ஓட்டிக் குடும்பத்தை இழுத்தவள் அவள்தான். கால் சரியான மறுநாளே அவர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது அவள் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் கதவை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கதவு அசையவில்லை. இந்தக் கதவை அவர் வெளியிலிருந்து திறந்ததே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“மேல தூக்கி, தோளால ஒரு இடி குடுத்து, அப்புறம் இழுங்க,” என்றாள் அவள் உள்ளிருந்து.

இடித்தார். திறந்தது. அவள் இத்தனை வருஷமாக ஏறும்போதெல்லாம் கதவை இடிப்பாள், அவர் ஒவ்வொரு தடவையும் “மெதுவா, மெதுவா, தகரம் ஆடுது” என்று எரிந்துவிழுவார்.

வண்டி கிளம்பியது. எதிர்வெயிலுக்காக அவர் இறக்கிவிட்டிருந்த அட்டை அவள் கண்ணை மறைத்தது. அவள் அதைத் தட்டி மேலே ஏற்றினாள். மடித்த சீட்டு அவள் மடியில் விழுந்தது.

“என்ன இது?”

“ஏதோ பில்லு.”

அவள் அதைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். இந்த நேரத்திலும் பொய்யா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படவும் அவகாசம் இல்லை. அது குழந்தையாக இருந்தால்? இந்நேரம் தூக்கிக்கொண்டு போயிருப்பார்களா? அம்மாக்காரி வந்திருப்பாளா? அவர் வேண்டாத தெய்வம் இல்லை. அதில் பாதிக்குமேல் அவர் இதுவரை திரும்பியும் பார்க்காதவை.

பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

“கூட்டம் நிக்குது,” என்றாள். அவள் குரலும் உள்ளே போயிருந்தது.

அவருக்குக் கறுப்புக் கறுப்பாகத் தலைகள் மாத்திரம் தெரிந்தன. யாரோ சுட்டிக்காட்டிக் கத்தினார்கள்: “இதோ! இதே வண்டிதான்!” முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டார். இறங்கினார். இறங்காமல் உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்ததால்தான் இறங்கினார், தைரியத்தால் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவர் அந்த ரோட்டோரச் சலூன்காரர். கையில் கத்தரிக்கோல்.

“அண்ணே! உங்க ஸ்டெப்னி முடி வெட்டிக்க வந்திருக்கு!”

சோபாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சலூன்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சலூனுக்குள் பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் முறிந்த காலுக்குப் பக்கத்தில், சொந்த வீடு மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அவருடைய ஸ்டெப்னி. அதன் வயிற்றில் சோபா பெல்ட்டின் அறுந்த துண்டு, மனைவியின் தையலோடு. தையல் அப்படியே இருந்தது. பெல்ட்தான் நைந்துபோய் அறுந்திருந்தது.

“வேகத்தடையில டொம்முனு விழுந்து நேரா உருண்டு வருது. பெஞ்சுல ஒருத்தர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நல்லவேளை, காலைத் தூக்கிட்டாரு.”

“யாருக்கும்... யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“எம் பெஞ்சுக்குத்தான் கால் போச்சு.”

சோபாக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் சலூன்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “பெஞ்சுக்கு மெத்தை வெச்சே தைச்சுத் தரேன் தம்பி, நாளைக்கே தரேன்,” என்றார். மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு பெண் வந்து அவர் முன்னால் நின்றாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சிவப்புப் பலகையைத் தூக்கிக் காட்டி வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளை ரோட்டைத் தாண்ட வைக்கிற அம்மா. பலகை அவள் கையிலேயே இருந்தது. முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது.

“நீங்கதான் ஓட்டினீங்களா?”

“ஆமாம்மா.”

“நான் நடுரோட்டுல பலகையோட நின்னேன். நீங்க என்னையே பாத்துக்கிட்டு வந்தீங்க. நேரா என் மூஞ்சியப் பாத்தீங்க. பாக்குறாரு, நிறுத்திடுவாருன்னு நானும் நின்னுக்கிட்டே இருந்தேன்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “எனக்குப் பின்னாடி பதினோரு புள்ளைங்க நின்னுச்சுங்க. கடைசி நேரத்துல அப்படியே பின்னுக்குத் தள்ளிவிட்டு நானும் விழுந்தேன். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏங்க நிறுத்தல? என் மேல உங்களுக்கு என்ன கோபம்?”

அந்த “அய்யோ” சக்கரத்தைப் பார்த்து வந்ததல்ல. இவரைப் பார்த்து வந்தது. இத்தனை நேரம் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பதினோரு பிள்ளைகள். நின்றார்களா? அவருடைய உலகத்தில் அங்கே ஒருவரும் நிற்கவில்லை. வெறும் வெள்ளைப் புகைதான் இருந்தது.

“எனக்கு நீங்க தெரியலம்மா,” என்றார். நாலு மாதமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்தது அவ்வளவு பேர் முன்னால் வெளியே வந்தது. “பலகையும் தெரியல. புள்ளைங்களும் தெரியல. எனக்குக் கண்ணு தெரியல. தெரிஞ்சே ஓட்டினேன்.”

அந்த அம்மா பலகையைத் தாழ்த்திக்கொண்டு அவர் கண்களை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, “இனிமே ஓட்டாதீங்க,” என்று மட்டும் சொன்னாள்.

மனைவி அதற்குள் சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டிருந்தாள்.

“நாலு மாசமா?”

“நாலு மாசம்.”

“பக்கத்துல என்னையும் உக்கார வெச்சுக்கிட்டு?”

அவள் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் குழாயடியில் முழங்கையைக் கழுவிவிட்டு வந்தாள். இரண்டு பேர் ஸ்டெப்னியைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டார்கள். சோபாக்காரர் மறுபக்கம் போய், கதவை மேலே தூக்கி, தோளால் இடித்துத் திறந்து ஏறினார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்ததும் இடுப்புக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. வரும்போது பயத்தில் உணரவில்லை. கையை விட்டுத் தடவினார். ஸ்பிரிங் ஒன்று துணியைத் துளைத்துக்கொண்டு நின்றது.

“இது எப்பலேருந்து குத்துது?”

“வாங்கின நாள்லேருந்து,” என்றாள் அவள். “ஊர்ல இருக்கிற சோபாவெல்லாம் சரி பண்ண உங்களுக்கு நேரம் இருந்துச்சு.”

அவர் ஸ்பிரிங்கைத் துணிக்குள் அமுக்கப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். “வித்துடலாமா வண்டியை?”

“கெட்டுப்போனது உங்க கண்ணு. வண்டிக்கு என்ன?” என்றாள். “நாளைக்கு ஆஸ்பத்திரி. நான்தான் ஓட்டுவேன். வாயைத் திறக்கக் கூடாது.”

வண்டி நாலு அடி நகர்ந்திருக்கும். உள்ளே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மணி அடித்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான மணி. அவள் பிரேக்கை மிதித்தாள். வெயில் மறுபடி நேர் எதிரே. அவருக்கு முன்னால் அதே வெள்ளைப் புகை, அதில் ஒரு புள்ளி சிவப்புக்கூட இல்லை.

“பலகை தூக்கியிருக்காங்களா?”

“தூக்கியிருக்காங்க.”

“புள்ளைங்க?”

“வர்றாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். எஞ்சினின் முனகலுக்கு மேலே, பம்பருக்கு மிகப் பக்கத்தில், செருப்புச் சத்தங்கள் கடந்து போயின. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பதினொன்றுவரை எண்ணினார். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன.