சாப்பாட்டுக்குப் பிறகு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். இந்த வருடம் தவக்காலம் முழுக்க என் காது ஆறவேயில்லை.

மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்குப் போகிற பாதையிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் மருந்துப் பொறுப்பு. பெயர் றஞ்சிதா. இல்லத்தில் பத்தொன்பது பேர். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் கத்தோலிக்கர், கடலை நம்பிச் சீவித்த சனம். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு வயற்கிராமத்துச் சைவக்காரி. கிழமையில் ஆறு நாள் இல்லத்திலேயே தங்கல். பன்னிரண்டு வயது மகள் அபிசா என் அக்காவுடன் இருக்கிறாள். மூன்று வருடமாக ஒப்பந்தத்தில்தான் இழுபடுகிறேன். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் நிரந்தரமாக்குவதாக நிர்வாகி றொட்னி சேர் சொல்லியிருந்தார். அது சரிவராவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஏஜென்சிக்காரனிடம் பெயரும் கொடுத்தாயிற்று. அபிசாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குளிசை விஷயத்தில் என்னில் பிழை பிடிக்க ஆள் இனித்தான் பிறக்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஆளுக்கொரு பெட்டி, பெட்டியின் மூடியில் ஆளின் படம். சாப்பாடு முடிகிற நேரம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போவேன். ஒருவர் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் அடுத்தவரிடம் நகர்வேன். "ஆமிக்காரன்ரை சென்றிப் பொயின்றும் இதுக்குத் தோத்துப்போகும்" என்று அமிர்தநாயகம் ஐயா முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். கன்னத்துக்குள் குளிசையை ஒதுக்கி வைத்துவிட்டு ஜன்னலால் துப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்து இரண்டாம் கிழமை, காலை பத்து மணிக்கு, எடித்தம்மா சிற்றாலயத்தில் சரிந்து விழுந்தார். எழுபத்தொன்பது வயது, கருவாட்டு வாடியில் நாற்பது வருடம் மீன் வெட்டிக் காய்த்துப்போன கை. அந்தக் கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது. விரலைக் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி நாற்பத்தாறு. வாயில் சீனித் தண்ணீரைப் பருக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"காலமை சாப்பிட்டவவோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம், நல்லாச் சாப்பிட்டவ. சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாக் கிடந்தது. நான்தான் பிறகு குளிசை குடுத்தனான்," என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து மற்றச் சலரோகக்காரர்களுக்கும் சீனியைக் குத்திப் பார்த்தோம். அமிர்தநாயகம் ஐயாவுக்கு முந்நூற்றுப் பத்து. அவருக்கு அவ்வளவு ஏறியதேயில்லை. சாப்பாட்டறையில் அவரும் எடித்தம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவருடைய குளிசை பலமானது, எடித்தம்மாவினது சின்னது. பிறகென்ன, றொட்னி சேருக்கு வெறும் வாயை மெல்ல அவல் கிடைத்தது.

"றஞ்சிதா, நான் குற்றம் சொல்லேல்லை," என்று தொடங்கினார். குற்றம் சொல்லப்போகிற எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். "ஒராளுக்கு ஏறுது, ஒராளுக்கு இறங்குது. நீங்களே சொல்லுங்கோ."

"நான் மாத்திக் குடுக்கேல்லை சேர். வேணுமெண்டால் பெட்டியிலை எண்ணிப் பாருங்கோ."

"மாத்திக் குடுத்தாலும் எண்ணிக்கை சரியாத்தானே வரும்."

இதை ஆட்களிடம் கதைக்கக் கூடாது, வயதுபோனவர்கள் பயப்படுவார்கள் என்று கட்டளையும் போட்டார்.

அடுத்த கிழமை எடித்தம்மா மறுபடியும் விழுந்தார், சீனி ஐம்பத்திரண்டு. ஐயாவுக்கு மறுபடியும் ஏறியது. அன்று மத்தியானமே மருந்து அலுமாரியைப் பூட்டுகிற திறப்பை என்னிடம் வாங்கி டிலோஜினியிடம் கொடுத்தார் றொட்னி சேர். டிலோஜினி நல்ல பிள்ளை, ஆனால் வந்து நான்கு மாதம்தான். எனக்குச் சாப்பாட்டறை வேலை. பரிமாறுவது, கோப்பை எடுப்பது, மேசை துடைப்பது. நிரந்தர நியமனத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "இப்ப அதைக் கதைக்கிற நேரமோ?" என்றார்.

நான் சமையலறையில் போய் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். மூன்று வருடம் பத்தொன்பது வாய்க்குள் எட்டிப் பார்த்தவள் நான்.

டிலோஜினி பொறுப்பெடுத்த நான்காம் நாள் எடித்தம்மா மூன்றாம் தரம் விழுந்தார். இப்போதாவது என்னை விடுவார்கள் என்று நினைத்து றொட்னி சேரின் கந்தோருக்குப் போனேன்.

"இப்ப டிலோஜினியும் மாத்திக் குடுத்தவளோ சேர்?"

அவர் பேனாவை மேசையில் தட்டினார். "நீங்கள் பெட்டியளை அடுக்கேக்கையே மாத்தி அடுக்கிப் போட்டியளோ எண்டுதான் யோசிக்கிறன்."

ஒருவர் நம்பக்கூடாதென்று தீர்மானித்துவிட்டால் சூரியனைக் கொண்டுவந்து காட்டினாலும் டோர்ச் லைற் என்பார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். ஆளுக்கு மூன்று இடியப்பம், சொதி, சம்பல். வழமையில் பரிமாறுகிறவர்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவோம். எனக்கோ அன்று வயிறெரிச்சலில் ஒரு வேலையும் ஓடவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றேன். அதனால்தான் கண்டேன்.

எடித்தம்மா சிலுவை போட்டார். இடம் வலம் பார்த்தார். பிறகு தன் கோப்பையைத் தூக்கி, மூன்று இடியப்பத்தையும் ஒரே வீச்சில் அமிர்தநாயகம் ஐயாவின் கோப்பைக்குள் சரித்தார். வாடியில் கூடை கவிழ்த்துப் பழகின கை, ஒரு துளி சொதி வெளியே சிந்தவில்லை. ஐயா நிமிர்ந்தும் பார்க்காமல் ஆறு இடியப்பத்தையும் பிசையத் தொடங்கினார். இரண்டு கோப்பையும் வெறுமையானபோது டிலோஜினியின் வண்டில் வாசலில் தெரிந்தது.

டிலோஜினி குளிசையை எடித்தம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அது வாய்க்குப் போகும் முன் நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அக்கா, என்ன செய்யிறியள்? சேர் உங்களை மருந்து விஷயத்துக்குள்ளை வர வேண்டாமெண்டவர்," என்றாள் டிலோஜினி.

"இவ சாப்பிடேல்லை. ஒரு வாய் சாப்பிடேல்லை. இந்தக் குளிசையைக் குடுத்தால் பத்து மணிக்குத் திரும்ப விழுவா."

ஐயா விரலை நக்குவதை நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவருடைய முகமே சாட்சி சொன்னது. எடித்தம்மா மட்டும் என்னைக் கோபமாகப் பார்த்தார்.

"கையை விடும் பிள்ளை. எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீர்."

அவரை அறைக்குக் கூட்டிப்போய், பாணும் வாழைப்பழமும் கொடுத்து, முன்னால் இருந்தேன். முதலில் வாய் திறக்கமாட்டேன் என்றார். பிறகு மெல்ல வந்தது. ஒருசந்தி. காலையும் இரவும் சாப்பாட்டை விட்டு, மத்தியானம் மட்டும் ஒருநேரச் சாப்பாடு. தவக்காலம் முழுக்க.

"உங்கடை வயசுக்கு ஒருசந்தி தேவையில்லையெண்டு ஃபாதரே பூசையிலை சொன்னவரெல்லோ."

"அவர் சொல்லுவார். ஒரு காரியத்துக்கெண்டு வைச்சால் விடேலாது."

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் அது ஒருசந்தியோ? நோன்பிருந்தால் முகத்தைக் கழுவி எண்ணெய் பூசிக்கொண்டு திரியச் சொல்லியெல்லோ ஆண்டவர் சொன்னவர். மற்ற ஆளுக்குத் தெரிஞ்சால் பலன் போச்சு."

எங்கள் வீட்டில் அம்மா விரதமென்றால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். அறுத்துக் கழுவின வாழையிலை என்ன, தனிப் பானை என்ன, கோயிலால் வரும்வரை எங்கள் எல்லாருக்கும் விழுகிற ஏச்சு என்ன. விரதத்தை ஒளித்துப் பிடிப்பார்கள் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. சாப்பாட்டை எறிவது பாவம் என்றபடியால் பக்கத்துக் கதிரைக்கு. பக்கத்துக் கதிரைக்காரரோ மூன்று இடியப்பத்தில் பசி அடங்காத மனுசன், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருக்கிறார்.

"சரி, சாப்பாட்டை விட்டியள். குளிசையை ஏன் குடிச்சியள்? அதுதான் உங்களை விழுத்தினது."

"குளிசையை விட்டால் உமக்குத்தானே பிரச்சினை வரும்? நீர் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கிறனீர். அதாலை அதை மட்டும் ஒருநாளும் விடேல்லை."

"அப்பிடி என்ன காரியத்துக்கு அம்மா இந்த ஒருசந்தி?" என்று கேட்டேன்.

அவர் வாழைப்பழத் தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "என்ரை நகம் வெட்டேக்கை ஒருநாள் சொன்னனீரெல்லோ. வேலை நிரந்தரமாகாட்டிக் குவைத்துக்குப் போவன், பிள்ளையை விட்டுட்டு எண்டு."

நான் அந்தத் தோலை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"ரண்டு தரம் விழுந்தாப் பிறகு நிப்பாட்டுவமோ எண்டு யோசிச்சனான் தான். அப்பத்தான் உம்மைச் சாப்பாட்டறைக்குப் பொறுப்பாப் போட்டினம். மருந்து வண்டில் தள்ளுறதை விட அது பெரிய வேலையெல்லோ? ஒருசந்தி வேலை செய்யுது எண்டு எனக்கு விளங்கிட்டுது. அதுதான் விடேல்லை."

கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அவரைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது, பிடித்து உலுப்பவும் வேண்டும் போலிருந்தது. எனக்காக ஒரு மனுசி பட்டினி கிடந்து என் வேலைக்கே உலை வைத்திருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

றொட்னி சேரிடம்தான் சொன்னேன். அமிர்தநாயகம் ஐயாவையும் கூட்டிப்போனேன். சத்தியம் உடைந்த துக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். சேர் முழுவதையும் கேட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் மருந்துப் பதிவுத் தாள்களை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதிலை 'சாப்பாட்டுக்குப் பிறகு' எண்ட பெட்டியிலை ஒவ்வொரு நாளும் சரி போட்டுக் கையெழுத்து வைச்சது ஆர்?"

"நான் தான் சேர்."

"அவ சாப்பிட்டதை ஒருநாளாவது கண்டனீங்களோ?"

எனக்கு அந்த மனிதனைப் பிடிக்காது. ஆனால் அந்தக் கேள்வியில் பிழை இருக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். வெறும் கோப்பையைக் கண்டேன். வெறும் கோப்பையைக் கண்டுதான் சரி போட்டேன், டொக்டரிடமும் சொன்னேன். டொக்டர் என் பேச்சை நம்பி எங்கெங்கோ காரணம் தேடினார். நாக்கைத் தூக்கிக் காட்டு என்று நின்ற நேரத்தில் பாதியாவது சாப்பாட்டு மேசையடியில் நின்றிருந்தால் முதல்நாளே பிடித்திருப்பேன்.

திறப்பு என் கைக்குத் திரும்பி வந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கடிதமும் வந்தது. மேலும் ஆறு மாதம் ஒப்பந்தம், மேற்பார்வையின் கீழ். நிரந்தரம் என்ற சொல் எங்கும் இல்லை. அதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போனேன்.

எடித்தம்மா எனக்காகக் காத்திருந்தார். "கடிதம் வந்ததெண்டு டிலோஜினி சொன்னவள். கிடைச்சதோ?"

இல்லை என்றால், ஒருசந்தியை இடையில் முறித்ததால்தான் கிடைக்கவில்லை என்பார். நாளைக்கே திரும்பத் தொடங்குவார். ஆகவே, வாய் கூசாமல் பொய் சொன்னேன். "ஓம் அம்மா, நிரந்தரமாக்கிப் போட்டினம்."

அந்த முகத்தில் வந்த சந்தோசத்தை என் சொந்தக்காரர் ஒருவரிடமும் நான் கண்டதில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு இடியப்பக் கோப்பையை மெல்ல எனக்குப் பக்கமாகத் தள்ளினார்.

"அப்ப நன்றிக்கடன் இருக்கு. ஒன்பது நாள் ஒருசந்தி. இந்த முறை உமக்குத் தெரியும்தானே, ஒளிக்கத் தேவையில்லை."

என் காது நெருப்பாகிவிட்டது. "எனக்கு நிரந்தரமாகேல்லை," என்றேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. "ஆறு மாதம்தான் தந்திருக்கினம். நீங்கள் விழுந்து விழுந்து எழும்பினதாலைதான் ஆகேல்லை. உங்கடை ஒருசந்தியாலைதான் ஆகேல்லை. விளங்குதோ? சாப்பிடுங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. எடித்தம்மா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணீர் ஓட ஓட ஒரு இடியப்பத்தைச் சாப்பிட்டார், இரண்டாவதைச் சாப்பிட்டார். மூன்றாவதில் விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு அதையும் சாப்பிட்டார்.

"இன்னும் ஒண்டு கொண்டு வாரும் பிள்ளை," என்றார். "நான் சாப்பிட்டால் உமக்கு வேலை நிக்குமெண்டால், சாப்பிடுறன்."

நான் சமையலறைக்குப் போய்க் கதவோடு நின்று அழுதேன். பிறகு இடியப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.